சாவடியில் உட்கார்ந்து யோசிப்பது: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2021 கடைசியில் 'இல்லம் தேடிக் கல்வி' வந்தபோது நானும் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க வைப்பதுதான் அப்போதைய வேலை. பாடம் முடிந்த பிறகும் பெரிய வகுப்புப் பிள்ளைகள் எழுந்து போகாமல் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பேச்சுதான் இன்றைக்கு மேலூர்ப் பக்கம் எங்கள் ஊர்ச் சாவடியில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாக நடக்கிறது. பக்கத்து ஊர்க்காரர்கள், அம்மாக்கள், ஆசிரியர்கள் என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் அதே சந்தேகங்களைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"யோசிக்கக் கத்துக்குடுக்குறேன்னு சொல்றீங்களே, அது என்னதுங்க? அதான் பள்ளிக்கூடத்துல சொல்லித் தர்றாங்கள்ல?"

நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். எங்கள் மந்தைக் குழாயில் வாஷர் போய்த் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு காலையில் பிள்ளைகளைக் கூட்டிப்போய், ஒரு நாளைக்கு எவ்வளவு வீணாகிறது என்று கேட்டேன். ஒரு குடம், பத்துக் குடம், ஒரு லாரி என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "எப்படித் தெரியும்?" என்றேன். யாரிடமும் பதில் இல்லை. அப்புறம் ஒரு பையன் வீட்டுக்கு ஓடி, ஒரு லிட்டர் பாட்டில் எடுத்துவந்து குழாய்க்குக் கீழே வைத்தான். நிரம்ப நாலு நிமிடம் ஆனது. மணிக்கு 15 லிட்டர், நாளைக்கு 360 லிட்டர் என்று சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டு முடித்து எல்லாரும் கைதட்டினார்கள்.

ஏழாவது படிக்கும் ஒரு பிள்ளை மட்டும் தட்டவில்லை. "அக்கா, நம்ம ஊருக்குத் தண்ணி காலைல ரெண்டு மணி நேரம்தான வருது? அப்ப முப்பது லிட்டர்தான?" என்றாள். பெருக்கல் சரி, விடை தப்பு. பெருக்கலைப் பள்ளிக்கூடம் நன்றாகவே சொல்லிக் கொடுத்திருக்கிறது. போட்ட கணக்கைக் குழாயடியில் கொண்டுவந்து நிறுத்திப் பார்க்கும் பழக்கத்தைத்தான் நாங்கள் வளர்க்கப் பார்க்கிறோம். வார்டு மெம்பருக்கு மனு எழுதும்போது, 360 என்று போட்டால் வேலை சீக்கிரம் நடக்கும் என்று ஒருவன் சொல்லிப் பார்த்தான். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 30 என்றே எழுதிக் கொடுத்தார்கள்.

"ஏன் இந்த வயசுதான்? இன்னும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுத்தா சீக்கிரம் வந்துருமே?"

சின்னப் பிள்ளைகளும் யோசிப்பார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் ஏறத்தாழ 11, 12 வயதில் ஒரு மாற்றம் வருகிறது. கண்ணெதிரே இல்லாத ஒன்றை 'அப்படி இருந்தால் என்ன ஆகும்' என்று வைத்துக்கொண்டு அதிலிருந்து மேலே போக முடிகிறது. சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே இதை விரிவாக எழுதியிருக்கிறார். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே வயதில் வந்துவிடாது என்று பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தினார்கள். எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான், ஆறாவதில் வந்தவளும் உண்டு, எட்டாவதில் இன்னும் வந்துகொண்டிருப்பவனும் உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த வயதில்தான் அப்பா அம்மா சொல்வதைவிடக் கூட்டாளி சொல்வது பெரிதாகத் தெரியத் தொடங்கும். அதைத் தடுக்க நினைப்பதைவிட, கூட்டாளிகள் சேர்ந்து ஒரு நல்ல காரியத்துக்கு உட்கார ஓர் இடம் கொடுப்பது மேல். தனியாக ஒரு பிள்ளைக்கு ட்யூஷன் மாதிரி இதைச் சொல்லித்தர முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். குழாயடியில் அந்தப் பிள்ளை மறுத்துப் பேச, முன்னால் ஒரு கூட்டம் கைதட்டியிருக்க வேண்டியிருந்தது.

"எத்தனை பேர், எவ்வளவு நேரம், எங்க உக்காரணும்? செலவு எவ்வளவு ஆகும்?"

பத்திலிருந்து பதினைந்து பேர். முக்கால் மணி நேரம், அதற்கு மேல் இழுக்க வேண்டாம். வட்டமாகத் தரையில் உட்காருங்கள், பெரியவர் உட்பட. சாக்பீஸ், ஒரு நோட்டு, முடிந்தால் வேர்க்கடலை. எங்களுக்குச் சாவடி கிடைத்தது. ஆனால் எல்லா ஊர்ச் சாவடியிலும் எல்லாப் பிள்ளையும் ஏறி உட்கார முடிகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு தெருப் பிள்ளை அங்கே வரக் கூசும் என்றால் அங்கே தொடங்கவே கூடாது. ஊர்ப்புற நூலகம், பள்ளித் திண்ணை, ஆலமரத்தடி என்று எல்லாருக்கும் பொதுவான இடமாகப் பாருங்கள்.

"எம் மக வாயே திறக்க மாட்டேங்குறா. வட்டத்துல உக்காந்து தலையக் குனிஞ்சுக்கிட்டு வந்துர்றா. அவளுக்கு இதனால என்ன பிரயோசனம்?"

முதலில் நாம் எவ்வளவு நேரம் காத்திருக்கிறோம் என்று பார்ப்போம். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்குச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, 'தெரியாது' என்பது குறைந்தது, அதுவரை பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று நொடி சின்னதாகத் தெரியும். ஒரு தடவை செய்து பாருங்கள், அந்த மௌனம் பெரியவர்களுக்குத்தான் தாங்காது. நான் கேள்வி கேட்டதும் மடியில் விரலை ஒவ்வொன்றாக மடக்கி எண்ணிக்கொள்வேன். இன்னமும் அப்படித்தான் செய்கிறேன்.

அதோடு, பேசாத பிள்ளையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு மாட்டிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசவிட்டு, 'அவ என்ன சொன்னா?' என்று மற்றவரைக் கேட்டால் போதும். தன் யோசனை இன்னொருத்தி வாயால் சபைக்கு வருவதைக் கேட்ட பிள்ளை, ஒரு நாள் தானே சொல்லிவிடும். எங்களிடம் ஒரு பிள்ளைக்கு அதற்கு ஐந்து மாதம் ஆனது. தலையைக் குனிந்துகொண்டிருந்த அந்த ஐந்து மாதமும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். முதல் தடவை பேசியபோது, மாசிக் கடைசியில் ஒருவன் சொன்ன ஒரு விஷயத்தை எடுத்து மறுத்தாள்.

"எம் மகன் இப்பல்லாம் எதைச் சொன்னாலும் ஏன் ஏன்னு எதுத்துக் கேக்குறான். உங்ககிட்ட வந்த பிறகுதான் இந்தப் பழக்கம்."

அப்படி ஆகும், ஒளிப்பதற்கில்லை. கொஞ்ச நாள் வீட்டில் தொல்லையாகவே இருக்கும். நான் பெற்றோரிடம் சொல்வது இதுதான்: குரலைக் கண்டியுங்கள், கேள்வியைக் கண்டிக்காதீர்கள். 'கத்தாம கேளு' என்று சொல்லலாம். 'என்னையே கேக்குறியா' என்று சொன்னால் அடுத்த தடவை அவன் கேட்கமாட்டான், சொல்லாமல் போய்விடுவான்.

ஓர் அம்மா, கம்மாய்க்குக் குளிக்கப் போகாதே என்று மகனைத் தினமும் வைதுகொண்டிருந்தார். அவன் தினமும் போனான். ஒரு நாள் அவன் 'ஏன்?' என்று கேட்டபோது, கம்மாயில் மண் அள்ளிய குழி எங்கே இருக்கிறது, தண்ணீர் வந்த பிறகு அது மேலே தெரியாது, கரையிலிருந்து பத்தடி வரை முழங்கால் ஆழம்தான் இருக்கும், அதற்கு அடுத்த அடியில் ஆளே முங்கிப்போவான் என்று உட்கார வைத்துச் சொன்னார். அந்த ஞாயிறு அவன் கரித்துண்டால் கம்மாயை வரைந்து குழி இருக்கும் இடத்தை எங்கள் எல்லாருக்கும் காட்டினான். நமக்குக் காரணம் தெரிந்திருந்தால் சொல்லிவிடலாம். காரணம் இல்லாமலே சில கட்டளைகள் போடுகிறோம் என்றால், அதையும் ஒரு தடவை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

"மார்க் ஏறுமா? அத மட்டும் சொல்லுங்க."

ஏறும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஆனால் எட்டாவது படிக்கும் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு இருப்பது பல வீடுகளில் தெரியவில்லை. குடும்ப ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருந்தால் எழுதலாம். தேர்வானால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். தேர்வில் 90 கேள்வி பாடத்திலிருந்து, 90 கேள்வி மனத்திறன். இந்த இரண்டாவது 90-இல் எண் வரிசையில் விட்டுப்போனது எது, கூட்டத்தில் சேராதது எது என்று வரும். விடையோடு 'எப்படிக் கண்டுபிடிச்ச?' என்று ஒருவரையொருவர் கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு அது அந்நியமாக இருக்காது. பழைய வினாத்தாள்களை வட்டத்தில் வைத்து மாதம் ஒரு தடவை போட்டுப் பார்க்கிறோம், அவ்வளவுதான். கூட்டத்தையே பயிற்சி வகுப்பாக்கிவிடாதீர்கள், பிள்ளைகள் வரமாட்டார்கள்.

"போன்ல வர்றதெல்லாம் உண்மைன்னு நம்புறாங்க. போனைப் புடுங்கிட்டா சரியாப்போகுமா?"

பிடுங்கினால் பக்கத்து வீட்டுப் போனில் பார்ப்பார்கள். அதோடு, நம்புவது பிள்ளைகள் மட்டுமா? 2018-இல் பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கிறது என்று தமிழ்நாடு முழுக்க வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடியது. ஒரு பாவமும் அறியாதவர்களைப் பெரியவர்கள் கூடி அடித்தார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு மூதாட்டி, வழியில் நின்ற பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்தே கொல்லப்பட்டார். இதைச் சொல்லும்போது வட்டத்தில் சத்தமே இருக்காது.

அதே மாதிரி ஒரு குரல் பதிவு பின்னொரு நாள் எங்கள் ஊர்க் குழுவுக்கும் வந்தது. கூட்டத்தில் போட்டு மூன்று தடவை கேட்டோம். பேசுகிறவர் யார்? பேர் இல்லை. எந்த ஊர்? 'நம்ம ஏரியா' என்கிறார். என்றைக்கு? 'நேத்து' என்கிறார், எந்த நேற்று என்று இல்லை. போலீஸ் ஸ்டேஷன் பேர்? இல்லை. ஓர் ஆறாவது படிக்கும் பையன் சொன்னான்: "இத எந்த ஊருக்கு அனுப்புனாலும் அந்த ஊருக்காரங்க பயப்படுவாங்கக்கா." அதற்கு மேல் நான் விளக்க ஒன்றும் இல்லை. யார், எங்கே, என்றைக்கு என்ற மூன்றையும் இப்போது பிள்ளைகள் வீட்டில் தாத்தாவிடம் கேட்கிறார்கள். முன்னால் ஓர் அம்மா 'எதுத்துக் கேக்குறான்' என்று சொன்னது சில வீட்டில் இப்படியும் வருகிறது.

"எங்கயாவது கூட்டிட்டுப் போகணும்னா எங்க போகலாம்?"

கீழடி. மதுரையிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள். பெருமைப்பட்டுவிட்டுத் திரும்பிவராதீர்கள், 'எப்படித் தெரியும்?' என்று கேட்க அதைவிட நல்ல இடம் நம் பக்கத்தில் இல்லை. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டுக்கு கி.மு. 580 என்று காலம் கிடைத்ததாகத் தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் வெளியிட்டது. உயிரோடு இருந்த எந்தப் பொருளிலும் கதிரியக்கக் கார்பன் இருக்கும், செத்த பிறகு அது 5,730 ஆண்டுக்கு ஒரு தடவை பாதியாகக் குறையும், மிச்சத்தை அளந்து வயதைச் சொல்கிறார்கள் என்று விளக்கினேன்.

"கரிக்குத்தான வயசு பாத்தாங்க, பானைக்கு எப்படி அதே வயசுங்கிறாங்க?" என்று ஒருத்தி கேட்டாள். ஒரே மண் அடுக்கில் கிடைத்ததால் என்றேன். உடனே பக்கத்தில் இருந்தவன், "எலி வளை தோண்டி மேல இருந்த பானை கீழ விழுந்திருந்தா?" என்றான். தொல்லியல் படித்தவர்களும் கேட்கும் கேள்விதான் அது. அதனால்தான் ஒரே குழியை நம்பாமல் பல குழி தோண்டி, அடுக்கு கலைந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கீழே போகிறார்கள். மதுரைக்குள் என்றால், 2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். பிள்ளைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது, ஒரு நாள் முழுக்க ஆகும்.

"ஊர் விவகாரத்தப் பிள்ளைக முன்னாடி பேசலாமா? அரசியல்னு சொல்லிருவாங்களே?"

நாம் பேசாவிட்டாலும் அவர்கள் காதில் விழத்தான் செய்கிறது. எங்கள் மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். 2024 நவம்பரில் அந்த ஊரையும் உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதாகச் செய்தி வந்தது. மேலூர் முழுக்கக் கொதித்தது. கிராம சபைகளில் தீர்மானம் போட்டார்கள், விவசாயிகள் மதுரைக்குத் திரண்டு போனார்கள், 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த நாட்களில் எங்கள் வட்டத்தில் எல்லாப் பிள்ளையும் 'வேண்டாம்' என்றுதான் சொன்னது. "டங்ஸ்டன்னா என்ன?" என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

அடுத்த வாரத்துக்குள் தேடிக்கொண்டு வந்தார்கள். உலோகங்களிலேயே மிக அதிகச் சூட்டில் உருகுவது, 3,422 டிகிரி செல்சியஸ், பழைய குண்டு பல்புக்குள் இருந்த கம்பி அதுதான், இரும்பை வெட்டும் கருவிகளுக்கு அது வேண்டும். அதன்பிறகு நான் ஒரு விதி வைத்தேன்: பாதிப் பேர் எதிர்ப்பக்கம் நின்று பேச வேண்டும். மனமில்லாமல்தான் பேசினார்கள். கடைசியில் பெரும்பாலோர் 'வேண்டாம்' என்றே முடித்தார்கள், ஆனால் இந்தத் தடவை காரணம் இருந்தது: பெரியாறு கால்வாய்த் தண்ணீர், சுனைகள், மலையில் இருக்கும் கல்வெட்டு. ஒருவன் மட்டும், வேலைக்காகத் தன் அண்ணன் திருப்பூர் போக வேண்டியிருக்கிறதே என்று சொல்லி மாறாமல் நின்றான். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. நீங்கள் இந்தக் கட்சி, அந்தக் கட்சி என்று உங்கள் முடிவைப் பிள்ளைகள் மேல் ஏற்றாதவரை இதில் தப்பில்லை.

"சாதிப் பேச்சு வந்துருச்சுன்னா? கையில கலர் கயிறு கட்டிக்கிட்டு வர்றாங்களே?"

எனக்கு மிகவும் கனமான கேள்வி இது. 2023-இல் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பிறகு அரசு அமைத்த நீதியரசர் சந்துரு ஒருநபர் குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதி அடையாளமாகக் கயிறு கட்டுவதைப் பள்ளிகளில் தடுக்கச் சொன்னது. கயிறு கட்டத் தொடங்குவது பெரும்பாலும் இந்த ஆறாவது, ஏழாவது படிக்கும் வயதில்தான். அண்ணன் கட்டியிருக்கிறான், நானும் கட்டுவேன் என்று வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன். டங்ஸ்டனுக்கு வைத்த 'எதிர்ப்பக்கம் நின்று பேசு' விதியை இதற்கு வைக்கக் கூடாது. ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சமமா என்பது விவாதத் தலைப்பு இல்லை, அந்தப் பிள்ளை வட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது என்பதைச் சட்டமாகவே சொல்லுங்கள். அப்புறம் கயிறு கட்டியவனிடம் தனியாக, கோபமில்லாமல் கேட்கலாம்: இதைக் கட்டியதும் உன்னிடம் புதிதாக என்ன வந்தது? யார் உன்னிடம் பேசுவதை நிறுத்தினார்கள்? ஒரு பையன் இரண்டாவது கேள்விக்கு ஒரு பேர் சொன்னான். மூன்றாவது வகுப்பிலிருந்து கூட விளையாடிய கூட்டாளி. கயிற்றை அவன் அன்றைக்கே அவிழ்க்கவில்லை. பொங்கலுக்கு அப்புறம் பார்த்தபோது கையில் இல்லை, நானும் கேட்கவில்லை.

"வட்டத்துல ஒரு பிள்ளை வீட்டு விஷயத்தச் சொல்லி அழுதுருச்சுன்னா என்ன செய்ய?"

பேச்சை மென்மையாக நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையோடு தனியாக, ஆனால் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். அங்கே 'எப்படித் தெரியும்?' என்று கேட்கவே கூடாது. அடி, தொந்தரவு, கல்யாணப் பேச்சு என்று ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள், இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது. 'யாரிடமும் சொல்லமாட்டேன்' என்று பிள்ளையிடம் சத்தியம் செய்யாதீர்கள். பாலியல் தொந்தரவு என்றால் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது 2012 போக்சோ சட்டப்படி குற்றம்.

"இதையெல்லாம் பள்ளிக்கூடத்துலயே செய்யச் சொல்லலாம்ல?"

சொல்லலாம், வழியும் இருக்கிறது. ஆறு முதல் எட்டு வரை அரசுப் பள்ளிகளில் அறிவியல், கணக்குச் செய்முறைகளுக்காக 2022 நவம்பரிலிருந்து வானவில் மன்றம் நடக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதி பெண்கள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. கூட்டத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வராமல், 'மன்றத்துல போன மாசம் என்ன செஞ்சாங்க?' என்று கேளுங்கள். ஆசிரியர்களை மிரட்டுகிற மாதிரிக் கேட்க வேண்டாம். ஒரே ஆள் மூன்று வகுப்பைப் பார்க்கும் பள்ளிகள் இருக்கின்றன.

"பிள்ளை கேக்குற கேள்விக்கு எனக்கே பதில் தெரியலைன்னா? நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன்."

'தெரியலப்பா, எப்படிக் கண்டுபிடிக்கலாம்?' என்று சொல்லுங்கள், போதும். கம்மாய்க் குழியைப் பற்றிச் சொன்ன அந்த அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர்.

"எட்டாவது முடிச்சா நடுநிலைப் பள்ளி முடிஞ்சுபோச்சு. ஒன்பதாவதுக்கு மேலூர் போயிருவாங்க. அதோட எல்லாம் போச்சுதான?"

சிலர் வருவதில்லை. சிலர் ஞாயிற்றுக்கிழமை சைக்கிளைச் சாத்திவிட்டுச் சாவடித் தூணில் சாய்ந்துகொண்டு கேட்பார்கள். முதலில் இவர்களை உள்ளே விட்டதில் ஒரு சிக்கல் வந்தது. பெரிய பிள்ளைகள் பேசினால் சின்னப் பிள்ளைகள் அதுதான் விடை என்று எழுதிக்கொண்டார்கள். இப்போது ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் வட்டத்தில் உட்காரலாம், ஆனால் கேள்வி மட்டும்தான் கேட்கலாம், பதில் சொல்லக் கூடாது. முப்பது லிட்டர் கணக்குப் போட்ட பிள்ளையும் இப்போது ஒன்பதாவது. போன வாரம் வந்திருந்தாள். வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி என்று ஒருவன் பேப்பர் பார்த்துப் படித்ததும், "அந்த அடியை எங்கேருந்து அளக்குறாங்க?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டாள். இந்த ஞாயிறு அதைத்தான் பேசப்போகிறோம்.